கூடாரத்துக்குள் இருந்த பாட்டு

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் அபர்டீன் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. 1953-ஆம் ஆண்டு அந்த ஊர்ச் சந்தையில் ஒருவர் சுற்றிச் சுற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். பழைய பாட்டு பாடுகிறவர்கள் இங்கே யாராவது இருக்கிறார்களா என்பதுதான் அவர் கேள்வி. அவர் பெயர் ஹேமிஷ் ஹெண்டர்சன். கவிஞர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1951-இல் தொடங்கிய ஸ்காட்லாந்து ஆய்வுத் துறைக்காகப் பாட்டும் கதையும் சேகரித்து வந்தார். சந்தையில் இருந்தவர்கள் ஜீனி ராபர்ட்சன் என்ற பெயரைச் சொல்லி, போகும் வழியையும் காட்டினார்கள்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அன்று வீட்டு வேலையில் களைத்திருந்தார். இன்னொரு நாள் வரும்படி சொல்லி அனுப்பப் பார்த்தார். ஹெண்டர்சன் நகரவில்லை. வாசலில் நின்றபடியே தனக்குத் தெரிந்த ஒரு பழைய கதைப்பாடலை எடுத்துப் பாடினார். ஜீனியால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வந்தவர் பாடிய விதம் அவருக்குச் சரியாகப் படவில்லை. சரியான பாட்டை அவருக்குக் காட்டுவதற்காகவே உள்ளே அழைத்து உட்கார வைத்தார். ஹெண்டர்சன் பின்னாளில் சொல்லிவந்த கதை இது.

ஜீனி ராபர்ட்சன் கண்டுபிடிக்கப்பட்டார் என்றுதான் புத்தகங்கள் இந்த நாளைக் குறிப்பிடுகின்றன. எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. அவர் எங்கும் தொலைந்துபோகவில்லை. சந்தையில் இருந்தவர்களுக்கு அவர் பெயரும் தெரியும், வீடும் தெரியும், குரலும் தெரியும். படித்தவர்களுக்குத்தான் தெரியாது. அந்த நகரத்தில் பல்கலைக்கழகம் தோன்றி நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அங்கிருந்து ஒருவரும் அந்த வாசலுக்கு வரவில்லை என்பதுதான் இந்த வாழ்க்கையின் முக்கியமான செய்தி.

ஏன் வரவில்லை? ஜீனி பிறந்த சமூகம் அப்படி.

ஸ்காட்லாந்தில் பல நூறு ஆண்டுகளாக ஊர் ஊராகச் சென்று பிழைக்கும் மக்கள் இருக்கிறார்கள். தங்களை டிராவலர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். தகரத்தில் பாத்திரம் செய்வார்கள், ஓட்டைப் பாத்திரத்தை அடைத்துக் கொடுப்பார்கள். கூடை முடைவார்கள், கொம்பில் கரண்டி செய்வார்கள், குதிரை வாங்கி விற்பார்கள், பழந்துணி சேர்ப்பார்கள். ஆற்றுச் சிப்பிகளில் முத்து எடுப்பார்கள். அறுவடைக் காலத்தில் பண்ணைகளுக்குக் கூலி வேலைக்குப் போவார்கள். வளைத்துக் கட்டிய குச்சிகளின் மேல் கித்தான் போர்த்திய கூடாரம்தான் வீடு. ஊர்க்காரர்கள் அவர்களை டிங்கர் என்றார்கள். தகர வேலை செய்பவர் என்பதுதான் அதன் பொருள். ஆனால் தொழிலின் பெயர் பிறப்பின் பெயராகி, பிறகு அதுவே வசவாகிவிட்டது. தகரத்தையே தொடாத குழந்தையும் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லால்தான் அழைக்கப்பட்டது. ஒரு தொழிற்பெயர் எப்படி வசவாக மாறும் என்பதை இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த நாட்டில் சாதி என்ற அமைப்பு இல்லை. ஆனால் பிறப்பை வைத்து ஒதுக்குவது இருந்தது. அவர்கள் கை வேலை ஊருக்கு வேண்டும், அவர்கள் ஊருக்குள் தங்கக் கூடாது. 1865-இல் வந்த அத்துமீறல் சட்டத்தின்படி, அனுமதி இல்லாமல் தனியார் நிலத்திலோ சாலையோரத்திலோ கூடாரம் போட்டால் குற்றம். சாலை அருகே தீ மூட்டினாலும் குற்றம். குளிர்நாட்டில் கூடாரத்தில் இருப்பவர்களுக்குத் தீ எவ்வளவு அவசியம் என்று யோசித்துப் பாருங்கள். சமைப்பதும் குளிர்காய்வதும் அதில்தான். இரவில் பெரியவர்கள் கதை சொன்னதும் பாட்டு பாடியதும் அதைச் சுற்றித்தான்.

ஜீனி 1908-இல் அபர்டீனில் பிறந்தார். அதே ஆண்டில் பிரிட்டனில் குழந்தைகள் சட்டம் ஒன்று வந்தது. அலைந்து திரியும் குடும்பத்துப் பிள்ளைகளும் அக்டோபர் முதல் மார்ச் வரை இருநூறு வருகைப் பதிவு காட்ட வேண்டும் என்றது அது. ஆகவே பல டிராவலர் குடும்பங்கள் குளிர்காலத்தில் நகரத்தின் ஏழைத் தெருக்களில் வாடகைக்கு இருந்து, வெயில் வந்ததும் சாலைக்குக் கிளம்பும். ஜீனியின் வாழ்க்கையும் இந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தது. பாதி ஆண்டு கருங்கல் நகரம், பாதி ஆண்டு ஆற்றங்கரைப் பாதைகள்.

பாட்டு அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா மரியா, ஸ்டூவர்ட் என்ற டிராவலர் குடும்பத்துப் பெண். அந்தக் குடும்பத்தில் பாட்டு என்பது மேடையில் ஏறிச் செய்யும் காரியம் அல்ல. பாட்டி பாடியதை அம்மா பாடுவார், அம்மா பாடியதை மகள் கேட்டுக்கொண்டே வளர்வாள். இருபது, முப்பது அடி கொண்ட கதைப்பாடல் அப்படித்தான் மனப்பாடம் ஆகும். எழுதி வைத்துப் படிப்பது என்ற பழக்கமே அதில் இல்லை.

இந்தப் பாட்டுகளுக்கு வாத்தியம் கிடையாது. டிராவலர்களிடம் வாத்தியம் இல்லாமல் இல்லை. ஜீனியின் கணவர் டொனால்டு ஹிகின்ஸ் பேர்பெற்ற பேக்பைப் கலைஞர். ஆட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் அது. கதைப்பாடலுக்கு ஒற்றைக் குரல்தான். தாளம் போட யாரும் இல்லாததால், எந்தச் சொல்லில் நிற்பது, எதை நீட்டுவது, எதைச் சட்டென்று முடிப்பது என்பதெல்லாம் பாடுகிறவர் கையில் இருக்கும். மெட்டு ஒவ்வோர் அடிக்கும் ஒன்றேதான். ஆனால் கதை இறுக இறுக, அதே மெட்டு வேறு ஒன்றாகக் கேட்கும். ஜீனி மெதுவாகப் பாடுவார். தாழ்ந்த, கனத்த குரல். அழுகை வர வேண்டிய இடத்தில் குரலில் அழுகையைக் கலக்க மாட்டார். கதையைச் சொல்லிவிட்டு நகர்வார். அழ வேண்டியது கேட்பவர் வேலை.

அவர் பாட்டுகளில் பெரும் புகழ் பெற்றது 'மகன் டேவிட்' என்ற கதைப்பாடல். மகனின் வாளில் இரத்தம் இருக்கிறது. தாய் கேட்கிறாள். மகன் அது ஒரு விலங்கின் இரத்தம் என்று மழுப்புகிறான். தாய் நம்பவில்லை. மறுபடி கேட்கிறாள், மறுபடியும் வேறொரு பொய். கடைசியில் உடன்பிறந்தவனைக் கொன்றதை ஒப்புக்கொள்கிறான். இனி திரும்பி வர முடியாத கடல் பயணம் போவதாகச் சொல்லி முடிக்கிறான். பாட்டு முழுக்கக் கேள்வியும் பதிலும்தான். கொலை எப்படி நடந்தது என்று ஒரு வரி கிடையாது. தாயும் மகனும் பேசுவதை ஒரே குரல், நடிப்பு எதுவும் இல்லாமல், இரண்டு ஆளாகக் கேட்க வைக்க வேண்டும். கிதாரோ பிடிலோ பின்னால் ஓடிக்கொண்டிருந்தால், தாயின் கேள்விக்கும் மகனின் பொய்க்கும் இடையில் விழும் அந்த மௌனம் காணாமல் போய்விடும். பின்னாளில் அவருடைய சில இசைத்தட்டுகளில் கிதார் சேர்த்துப் பார்த்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனாலும் அந்தக் குரல் ஒரு வேலிக்குள் நடப்பதுபோல இருக்கிறது. தனியாகப் பாடியவையே நிலைத்தன. ஜீனியும் ஒரு மகனைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவர் என்பதைத் தெரிந்துகொண்டு இந்தப் பாட்டைக் கேட்பது கடினம்.

இனி அறிஞர்கள் பக்கம் வருவோம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு, ஆங்கிலத்திலும் ஸ்காட்லாந்து வழக்கிலும் உள்ள கதைப்பாடல்கள் 305-ஐத் தொகுத்து 1882 முதல் 1898 வரை வெளியிட்டார். இன்றும் அந்த எண்களைச் சொல்லித்தான் பாட்டுகளை அடையாளம் காட்டுகிறார்கள். ஜீனியின் 'மகன் டேவிட்' அதில் 13-ஆம் எண். சைல்டு பெரும்பாலும் பழைய கையெழுத்துப் பிரதிகளையும் அச்சுப் புத்தகங்களையும் வைத்தே வேலை செய்தார். அவர் மிகவும் மதித்த பிரதிகளில் ஒன்று அன்னா கோர்டன் என்ற பெண் பாடி எழுதப்பட்டது. அவர் அபர்டீன் பேராசிரியர் ஒருவரின் மகள். பாட்டைத் தன் அத்தையிடமும் வீட்டு வேலைக்காரியிடமும் கற்றதாகச் சொல்வார்கள். ஜீனியின் நகரம்தான் அதுவும். ஆனால் ஏட்டில் நின்றது பேராசிரியர் மகளின் பெயர். வேலைக்காரியின் குரலைக் கேட்டு எழுத யாரும் வரவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபர்டீன் பகுதியிலேயே இரண்டு பேர் பெரிய வேலை செய்தார்கள். கேவின் கிரெய்க் பள்ளி ஆசிரியர், ஜேம்ஸ் டங்கன் பாதிரியார். பண்ணையாட்கள், சிற்றூர்க்காரர்கள் என்று தேடித் தேடி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைச் சேர்த்தார்கள். உண்மையான உழைப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் பெரும்பாலும் சென்றது நிலையாகக் குடியிருந்தவர்களின் வீடுகளுக்கு. சாலையோரக் கூடாரங்கள் அந்தச் சேகரிப்பில் இடம்பெறவில்லை என்றே சொல்லலாம். அவர்கள் சேர்த்தவற்றிலிருந்து பழைய கதைப்பாடல்களை மட்டும் எடுத்து, அலெக்சாண்டர் கீத் என்பவர் 1925-இல் அபர்டீனில் ஒரு புத்தகமாகப் பதிப்பித்தார். அதற்கு வைத்த தலைப்பில் கடைசி இலைகள் என்ற சொற்கள் இருந்தன. மரம் பட்டுவிட்டது, உதிர்வதற்கு முன் எஞ்சிய இலைகளைப் பொறுக்கிவிட்டோம் என்று பொருள்.

அந்தப் புத்தகம் வந்தபோது ஜீனிக்குப் பதினேழு வயது. அம்மாவின் பாட்டுகள் அவர் நாவில் இருந்தன.

நாட்டார் பாடல் சேகரிக்கப் போகும் மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். ஒரு பாட்டு அழிந்துவிட்டது என்று எழுதுவதற்கு முன்னால், எந்தெந்த வாசலில் போய்க் கேட்டோம் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்ப்பது நல்லது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தக் கதைப்பாடல்கள் பெரும்பாலும் பிரபுக்களைப் பற்றியவை. கோட்டை, வாள், குதிரை, வேட்டை நாய், சீமாட்டி. 1411-இல் அபர்டீனுக்கு அருகே நடந்த ஹார்லா போரைப் பற்றிய பாட்டுகூட ஜீனியிடம் இருந்தது. கோட்டைக்காரர்கள் தங்கள் பாட்டை மறந்துவிட்டு வேறு சங்கீதத்துக்குப் போய்விட்டார்கள். கோட்டை நிலத்தில் கூடாரம் போட்டால் விரட்டப்பட்டவர்கள் அதைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். ஒரே ஒரு பாட்டில் மட்டும் அவர்கள் ஆட்களே கதாநாயகர்கள். ஜிப்சிகள் வாசலில் வந்து பாட, பாட்டில் மயங்கிய சீமாட்டி மாளிகையை விட்டு அவர்களோடு போய்விடுவாள். அதையும் ஜீனி நன்றாகப் பாடுவார்.

1953-க்குப் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. அந்த ஆண்டின் இறுதியில் அமெரிக்க நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அவரை லண்டனுக்கு அழைத்துப் பதிவு செய்தார். இசைத்தட்டுகள் வந்தன. பிரிட்டன் முழுவதும் அப்போது முளைத்துவந்த நாட்டார் பாடல் மன்றங்களில் பாடினார். ஒலிபெருக்கிக்கும் கைதட்டலுக்கும் பழகாத ஒருவர், நாற்பத்தைந்து வயதுக்கு மேல், அந்நியர் நிறைந்த அரங்கில் தனியாக நின்று, பக்கவாத்தியம் இல்லாமல், நீண்ட பாட்டைத் தொடங்குகிறார். பின்னால் சாய்ந்துகொள்ள எதுவும் இல்லை. கேட்டவர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் வெளியான அவருடைய ஒரு தட்டுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'ஸ்காட்லாந்து டிங்கர் பெண்ணின் பாடல்கள்.' சீமாட்டியைக் குறிக்கும் மரியாதைச் சொல்லைப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் வசவு போய்விடும் என்று நினைத்திருக்கலாம். தெருவில் அவரை அவமதித்த சொல், கடையில் அவர் குரலை விற்கும் சொல்லாயிற்று.

அவருக்குப் பின்னால் இன்னொரு கதவும் திறந்தது. ஒரு டிராவலர் பெண்ணிடம் இவ்வளவு இருக்கிறது என்றால் மற்றவர்களிடம் எவ்வளவு இருக்கும் என்று ஹெண்டர்சன் சாலைக்குப் போனார். ராஸ்பெர்ரிப் பழம் பறிக்க நாடெங்கும் இருந்து டிராவலர்கள் கூடும் பிளேர்கௌரி தோட்டங்களில், 1955-இல், கூடாரம் கூடாரமாகப் பதிவு நடந்தது. பதிவு நாடா போதவில்லை என்கிற அளவுக்குப் பாட்டும் கதையும் வந்தன. கடைசி இலைகள் என்று எழுதி முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அபர்டீனில் ஹில்டன் தெருவில் இருந்த ஜீனியின் வீட்டுக்கு இளம் பாடகர்கள் வரத் தொடங்கினார்கள். ரே ஃபிஷர் என்ற கிளாஸ்கோ பெண் வாரக்கணக்கில் அவரோடு தங்கிப் பாட்டு கற்றார். பின்னர் அவரும் பெரிய பாடகியானார். ஜீனி யாருக்கும் பாட்டை ஒளிக்கவில்லை. ஆனால் சரியாகப் பாட வேண்டும் என்பதில் கண்டிப்பு. ஹெண்டர்சனை உள்ளே அழைத்த காரணமே அதுதானே.

1968-இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்.பி.இ. விருது கொடுத்தது. டிராவலர் சமூகத்தில் பிறந்த பாடகிக்கு அரசியின் பெயரால் ஒரு பதக்கம். சமூகத்தார் பெருமைப்பட்டார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அதே காலத்தில் அதே நாட்டில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. டிராவலர்களை ஒரே இடத்தில் உட்கார வைத்து மாற்றிவிடுவது என்ற திட்டத்தில், 1940-களிலிருந்து பல பத்தாண்டுகளாக, மின்சாரமும் சரியான வசதியும் இல்லாத குடிசைகளிலும் பழைய ராணுவக் கொட்டகைகளிலும் குடும்பங்களைத் தள்ளினார்கள். உள்ளாட்சி, அரசு, தேவாலயம், தொண்டு அமைப்புகள் என்று பலருக்கும் அதில் பங்கு உண்டு. மறுத்தால் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் இருந்தது. பிள்ளைகள் பிடித்துச் செல்லப்பட்டதும் உண்டு. பாட்டுக்குப் பதக்கம் கொடுத்த அரசுதான், பாட்டு பிறந்த வாழ்க்கையைத் துடைக்கவும் முயன்றது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஜீனியின் புகழை எழுதுவது பாதிக்கதைதான்.

ஜீனி 1975 மார்ச் 13 அன்று அபர்டீனில் இறந்தார். பாட்டு அவரைச் செல்வந்தராக்கவில்லை. அவர் வாழ்ந்த வீட்டுச் சுவரில் இப்போது ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.

மகள் லிஸ்ஸி ஹிகின்ஸ் 1929-இல் பிறந்தவர். மீன் வெட்டும் கூடங்களில் வேலை பார்த்தவர். அம்மாவின் புகழ் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அவர் மேடைப் பக்கமே வரவில்லை. 1967-இல்தான் முதன்முதலாகப் பொதுவில் பாடினார். அவர் பாட்டும் ஒற்றைக் குரல்தான், வாத்தியம் இல்லை. ஆனால் அப்பாவின் பேக்பைப்பைக் கேட்டுக் கேட்டு, அதன் சுழிப்புகளைத் தொண்டைக்குள் கொண்டுவந்திருந்தார். ஆகவே அம்மாவின் பாட்டையே பாடினாலும் அது லிஸ்ஸியின் பாட்டாக இருந்தது. 1993-இல் இறந்தார். உறவினரான ஸ்டான்லி ராபர்ட்சனும் பல பத்தாண்டுகள் மீன் கூடத்தில் உழைத்தவரே. ஜீனியிடம் கேட்ட பாட்டையும் கதையையும் வைத்திருந்தவர். வயதான காலத்தில் அபர்டீன் பல்கலைக்கழகம் டிராவலர் மரபைப் பதிவு செய்ய அவரையே வேலைக்கு அழைத்தது. 2009-இல் அவர் மறையும் வரை மாணவர்கள் அவரிடம் வந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

டிராவலர்கள் தனி இனக்குழு என்று ஸ்காட்லாந்தில் ஒரு வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது 2008-இல். குடிசைத் திட்டத்துக்காகவும் பிள்ளைகளைப் பிரித்ததற்காகவும் ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டது 2025 ஜூன் மாதம். ஜீனி இறந்து அப்போது ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.